நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரு பிஸ்கோத்து டப்பாவும்

செஞ்சி
12.11.1964

அன்புள்ள இளையபெருமாள் அத்தானுக்கு, ராஜாம்பாள் எழுதுவது.

இல்லை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பது அங்கே மாரியம்மன் கோயில் இல்லை என்பதற்காக அல்ல. அது நான்காவது காரணம்தான். இங்கே எல்லோரும் நலம். என்னைப் பெண் கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தோடு நீங்கள் இப்போது வாழும் அந்த ஜெர்மன் கிராமத்தின் கையேடும் வந்து சேரும்வரை இன்னும் நலமாக இருந்தோம்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை ஊரைப் போய்ப் பார்க்க வேண்டும். பிடித்தால் அங்கே கை நனைக்க வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம். பிறகு பேச்சு மாறக்கூடாது. அவலூர்பேட்டையில் உங்கள் வீட்டில் நூறு முறை சாப்பிட்டிருக்கிறோமே என்றேன். பெரியப்பா ஒப்பவில்லை.

"அது உங்க அத்தை வூட்டுச் சோறு. நீ பொழைக்கப் போற ஊரு எதுவோ அங்க நனைக்கணும்."

ஜெர்மனிக்குப் பஸ் இல்லை. ஆகவே கையேட்டைப் படித்தால் ஊரைப் பார்த்தது போல என்றும், நீங்கள் அனுப்பிய பிஸ்கோத்து டப்பாதான் அந்த ஊர்ச் சாப்பாடு என்றும் முடிவாயிற்று. தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக்கூடாது. அம்மா டப்பாவைச் சணலால் கட்டி அரிசிப் பானைமேல் வைத்தாள்.

அச்சு வரிகளுக்குக் கீழே நீங்கள் பென்சிலால் எழுதியிருந்த தமிழை நான் வாசித்தேன். மக்கள் தொகை நானூற்றுப் பன்னிரண்டு என்றதும் இது ஊரா தெருவா என்று நைனா கேட்டார், பசு ஐந்நூற்று முப்பது என்றதும் மனுசனைவிட மாடு அதிகம், சாணி அள்ள எம் பொண்ணுதான் கெடச்சாளா என்று எழுந்து வாசல்வரை போய் மறுபடி வந்து உட்கார்ந்தார், பாட்டுக் குழுவில் அறுபது பேர் என்றதும் அப்படியானால் உழுவது யார் என்றார், நாலு மாதம் பனி என்றதும் வடகம் எப்போது காயும் என்று அம்மா கவலைப்பட்டாள், தீயணைப்புத் தொண்டர்கள் முப்பத்தெட்டு பேர் என்ற இடத்தில் பெரியப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நானூறு பேருக்கு நெருப்பணைக்க முப்பத்தெட்டு பேரா? அப்ப அந்த ஊரு தெனம் எரியுதும்மா."

ஊருக்குக் கோட்டை உண்டு என்று அடிக்கோடிட்டிருந்தீர்கள். படத்தில் ஒரு சுவர். நைனா ஜன்னல் வழியே நம் ராஜகிரிக் கோட்டையைப் பார்த்தார்.

நான் நின்றது வேறொரு வரியில். சென்ற ஆண்டு பிறப்பு ஏழு, இறப்பு ஏழு. அதற்கு மேலே அச்சிட்டிருந்த 412ஐ அடித்துவிட்டு 413 என்று எழுதியிருந்தீர்கள். உங்களைச் சேர்த்து. அதை மட்டும் நான் உரக்க வாசிக்கவில்லை. ஏனென்று தெரியவில்லை.

பெரியப்பாவின் தீர்ப்பு: வேண்டாம். சிறிய ஊர், பாடுகிற ஊர், எரிகிற ஊர். டப்பாவைத் தொடாமல் திருப்பி அனுப்பச் சொல்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. பி.ஏ. படித்தவள் ஒரு பிஸ்கோத்துக்கு வாழ்க்கைப்பட முடியாது. வருத்தப்படாதீர்கள்.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். நைனாவும் அம்மாவும் ஆசி சொன்னார்கள். பெரியப்பா, நெருப்பு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
ராஜாம்பாள்

பின்குறிப்பு: பொட்டலம் கட்ட டப்பாவை இறக்கினேன். சணலில் இருந்தது அம்மாவின் முடிச்சு அல்ல. முப்பத்திரண்டு பிஸ்கோத்து என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தொன்பதுதான் இருக்கிறது. பெரியப்பா, நைனா, அம்மா மூவரும் கூடத்தில் உட்கார்ந்து, உங்கள் ஊர் எரிவதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஒன்று தின்றேன். கையேட்டில் 413ஐ அடித்துவிட்டு 414 என்று எழுதி, இந்த உறைக்குள் வைத்தேன். டப்பாவைக் கட்டிப் பானைமேல் வைத்துவிட்டேன்.