ஒரு வார்த்தையில் போன கப்பல்

கூச்சப்படுகிறவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. அன்றைக்கு நான் பேசியது ஒரே ஒரு பேச்சு. அதில் இரண்டு வெள்ளைக்காரத் தொரைசாணிகளுக்குக் கப்பல் போயிற்று, ஒரு மனிதருக்குப் பிழைப்பும் போயிற்று. நாள் முழுக்கப் பேசுகிறவர்கள்கூட இவ்வளவு சேதம் செய்திருக்க மாட்டார்கள்.

பதுளைக்கு ரயில் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் தோட்டம் ஸ்பிரிங்வெளிப் பக்கம். லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்று, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியிருந்தேன். தாய்மாமன் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். (அவர் பெயரை எழுத இந்த வயதிலும் கை வரவில்லை. மச்சான் என்றே எழுதுகிறேன்.) மச்சான் சின்ன வயதில் தோட்டத்தை விட்டு ஓடிப்போய், கொழும்பில் ஓட்டலில் தட்டுக் கழுவி, இங்கிலீஷ் பழகி, கப்பலில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு ஊர் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு அது வேலையாகவே தெரியவில்லை.

"ஊரு காட்டுறது ஒரு பொழப்பாடா? மலை அங்கனயேதான் நிக்குது. கண்ணு இருக்கிறவன் பாத்துக்குவான்."

"மாமா, அடுத்த வாரம் ரெண்டு தொரைசாணிகள நம்ம தோட்டத்துக்கே கூட்டியாறேன். அப்பப் பாருங்க எம் பொழப்ப."

"சரி. அது நல்லபடியா முடியட்டும். பொறகு பொண்ணப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் எங்க லயத்து வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது."

எனக்கு அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற ஆளா நான்?

கப்பல்காரர்களே பயணிகளைக் கூட்டமாகக் கண்டிக்குக் கூட்டிப்போய் வருவார்களாம். வேண்டுமென்றால் தனி ஆளைப் பிடித்துக்கொண்டும் போகலாமாம். மூத்த தொரைசாணி கூட்டத்தோடே போவோம் என்றாராம். கப்பல்காரர் கூட்டிப் போனால், சுணங்கினாலும் கப்பல் காத்து நிற்கும். தனியாகப் போனவர்கள் சுணங்கினால் கப்பல் தன்பாட்டில் போய்விடும். இளைய தொரைசாணியோ, மந்தை மாதிரிப் போகமாட்டேன், தேயிலை விளைகிற இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்று நின்றாராம். மச்சான் நெஞ்சில் கையை வைத்து, "ரயிலுக்கு நான் பொறுப்பு" என்றாராம். அந்தக் கையை நம்பித்தான் மூத்தவர் இறங்கி வந்தது. இதெல்லாம் பின்னால் அவர் சொல்லி எனக்குத் தெரிந்தது.

வந்தார்கள். பதுளை டவுனிலிருந்து நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம்காரரின் மோட்டார் காரில் வந்தார்கள். தோட்டத்துத் தொரையே மச்சானோடு நின்று பேசினார். கொழுந்து பறிப்பதைப் பார்த்தார்கள், கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற ஸ்டோரைப் பார்த்தார்கள், ஆளுக்கொரு கோப்பைத் தேயிலைத்தண்ணி குடித்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. இனிப் புறப்பட்டு ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான். வளைவுக்குக் கீழே நின்ற காரைத் திருப்பச் சொல்ல மச்சான் இறங்கிப் போனார்.

அந்த நேரம் பார்த்து நான் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்தேன்.

இளைய தொரைசாணி என்னை மறித்து, கன்னத்தைத் தொட்டு, லேஸ் வைத்த கைக்குட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மரியாதையாக ஒன்று சொல்லிவிட்டு ஓடிவிட வேண்டும். பெரியவர்களிடம் போறேன் என்று சொல்லலாமா? தலையைக் குனிந்துகொண்டு, "நான் வாறேங்க" என்றேன். ஓடிப்போய் லயத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தத் தொரைசாணி வரும் வழியெல்லாம் மச்சானிடம் தமிழ் கேட்டுப் படித்தவராம். வா, போ, தண்ணி, இவ்வளவும் தெரியுமாம். அதில் முதல் வார்த்தையை என் வாயில் பிடித்துக்கொண்டார். மச்சான் மேலே ஏறி வந்தபோது இருவரும் பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் வருகிறாள், காத்திருக்கச் சொன்னாள் என்று இங்கிலீஷில் சொன்னார்கள். தமிழில் ஏறிப்போன என் வார்த்தை, இங்கிலீஷில் போய்த் திரும்பித் தமிழில் இறங்கும்போது வேறு ஆளாக இறங்கிவிட்டது.

மச்சான் லயத்துக்கு வந்து கேட்டிருக்கலாம். வாசற்படியை மிதிக்கக் கூடாதே. அவரும் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து எங்கள் கதவையே பார்த்தார். நான் கதவிடுக்கில் அவரையே பார்த்தேன். என்னைப் பார்க்கத்தான் போகாமல் நிற்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அவருக்கோ, இந்த ஊமைப் பெண் வெள்ளைக்காரியிடமே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாளே, எனக்காகத்தான் துணிந்திருக்கிறாள் என்று பெருமை. இரண்டு பெருமைக்கும் நடுவில் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இளைய தொரைசாணி லயத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். கைக்குட்டையைத் திருப்பிக் கேட்கிறாராக்கும் என்று பயந்து நான் நெல்லு மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் நானா ஹார்ன் அடித்து அடித்து அவர்களை ஏற்றினார். பதுளை ஸ்டேஷனுக்குப் போனால் ரயில் போய்விட்டது. அடுத்த ஸ்டேஷனான ஹாலிஎலயில் பிடித்துவிடலாம் என்று காரை விரட்டியபோதுதான் நானா கேட்டார்.

"என்னத்துக்குத் தம்பி அவ்வளவு நேரம் நின்டீங்க?"

"அந்தப் புள்ள வாறேன்னு சொல்லுச்சாம் நானா."

"என்னண்டு?"

"வாறேன்னு."

"அல்லாவே! வாறேன்டு சொன்னா போறதுக்குத்தானே தம்பி சொல்ற! நீங்களும் தமிழ்தானே?"

நானா சிரித்த சிரிப்பில் கார் பாதையை விட்டு இறங்கப் பார்த்ததாம். ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டதில் ஹாலிஎலயும் போயிற்று.

அவர்கள் கொழும்பு போய்ச் சேர்ந்தபோது கடலில் கப்பல் இல்லை. கண்டிக்குப் போன கூட்டம் ஏறிவிட்டது. இவர்களுடைய பெட்டிகளும் கப்பலோடு போய்விட்டன. மாற்றுத்துணிகூட இல்லாமல் அவர்கள் கொழும்பில் நின்றார்கள். மூத்த தொரைசாணி சத்தம் போடவில்லை. மச்சானைப் பார்த்து இங்கிலீஷில் ஒன்று சொன்னாராம். அது என்ன என்று எத்தனையோ தரம் கேட்டேன். "அத மட்டும் தமிழ்ல சொல்லமாட்டேன்" என்பார். அதற்குப் பிறகு துறைமுகத்துக்குள் அவரை விடவில்லை.

மச்சான் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லோரோடும் வரிசையில் நின்று பெயர் பதிந்துகொண்டார். பெண்ணில்லை என்று அப்பா சொல்லப்போகிறார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா அவரை மண்வெட்டியோடு பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஒரு மனுசனா நிக்கிறான்" என்றார். அந்த மாதமே கல்யாணம்.

எனக்கு நல்லதுதான் நடந்தது. அவருக்கு? அதை நான் கேட்கவில்லை. ரயில் கூவினால் வேலையை விட்டுத் தலையைத் தூக்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைத் தேயிலை மேட்டில் நிற்கவைத்து, "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று தொடங்கி நமுனுகுல மலையைக் காட்டுவார். எங்கள் வீட்டில் வாறேன் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது. மூத்த மருமகள் முதல்முறை தாய்வீட்டுக்குக் கிளம்பியபோது தெரியாமல் சொல்லிவிட்டாள். "போறியா, வாறியாம்மா? வெவரமாச் சொல்லு. நான் கல்லுல உக்காந்து கப்பல விட்டவன்" என்றார். அவள் அழுதே விட்டாள்.

போன வருடம் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லையே. லயத்து வாசலில் நின்று, என்னை அறியாமல், "நான் வாறேங்க" என்றேன். பாடையின் முன்பக்கத்தைச் சுமந்திருந்த மூத்தவன் கண்ணில் தண்ணீரோடு திரும்பினான்.

"ஐயோ, அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்கம்மா. அப்பா வழியில உக்காந்துருவாரு."

அழுதுகொண்டிருந்த சனம் முழுக்கச் சிரித்தது. இப்போது கப்பல் கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அந்தத் தொரைசாணி விளங்கிக்கொண்டாரே, இந்தத் தடவை நான் அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன்.