ஒன்பதாவது படி

ஆர்லன் அந்த ஹார்டுவேர் கடைக்குள் நான்காவது முறையாகப் போய், நான்காவது முறையாக வேறு எதையோ வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். இந்த முறை கழிப்பறை மூடி.

வண்டியில் காத்திருந்த கர்ட் அதைப் பார்த்தான். "சொல்லிட்டியா?"

"இல்ல."

"இது என்னது?"

"ரோல்ஃப் நிமிந்து பாத்தான். பதறிட்டேன். கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டேன்."

"முதல்ல எலிப்பொறி, அப்புறம் ஏணி, அப்புறம் தோட்டத்துக் குழாய். வெளிய ஆறடிப் பனி கிடக்கு, உனக்கு எதுக்குய்யா தோட்டத்துக் குழாய்? நீ மன்னிப்புக் கேக்குறதுக்குள்ள அவன் கடையே காலியாயிடும் பெருசு."

கர்டுக்கு முப்பது வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஆர்லனுக்கு ஐம்பத்திரண்டு. ஆனால் தேவாலயத்தின் அடித்தளத்தில் செவ்வாய்தோறும் கூடும் குடியை விட்டவர்கள் கூட்டத்தில் வயது கணக்கில்லை. கர்ட் குடியை விட்டு ஆறு வருடம், ஆர்லன் பதினொரு மாதம். அதனால் கர்ட்தான் ஆர்லனுக்குப் பொறுப்பாளன்.

அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு படிகள். ஒன்பதாவது படியில், யார் யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆர்லன் ஏழு பேரிடம் சொல்லி முடித்திருந்தான். தபால்காரர் சிரித்துவிட்டார். முன்னாள் மனைவி, "இதையெல்லாம் நான் மறந்தே போயிட்டேன், இப்ப ஞாபகப்படுத்திட்ட" என்று போனை வைத்தாள். எட்டாவது பெயர் ரோல்ஃப்.

பத்து வருடம் முன்பு, பிப்ரவரியில், உறைந்த ஏரியின்மேல் மீன்பிடிப் போட்டி. பகல் பதினொன்றரைக்கே ஆர்லன் நிறைபோதையில், ஐஸ்மேலேயே நிறுத்தியிருந்த தன் வண்டியில் ஏறிப் படுத்தான். அடுத்து நினைவிருப்பது இதுதான்: ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோல்ஃபின் மீன்பிடிக் குடில் நொறுங்கிக் கிடக்கிறது. எல்லாரும் கரையில் பரிசளிப்பு விழாவில். ஆர்லன் வண்டியைப் பின்னால் எடுத்தான். வீட்டுக்கு ஓடிப்போனான்.

சாதாரணக் குடில் இல்லை அது. ரோல்ஃபின் மனைவி மார்லிஸின் அப்பா தன் கையால் கட்டியது. இறந்துபோனவருடைய தொப்பிகூட அதற்குள் ஆணியில் தொங்கியது. அன்று மாலையே மார்லிஸ் பக்கத்தில் நிற்க, ஊர் முன்னால் ரோல்ஃப் சபதம் செய்தான்: "செஞ்சவன் கிடைக்கட்டும். ஐஸ்ல ஓட்டை போட்டு, தலைகீழா உள்ள இறக்குறேன்." வருடா வருடம் போட்டியன்று அதையே சொன்னான். ஆறடி நாலங்குலம் உயரம் அவன்.

ஆர்லன் இரண்டு முறை குடியை விட்டான். இரண்டு முறையும் பிப்ரவரியில் மறுபடி தொட்டான். இப்போது மூன்றாவது பிப்ரவரி.

"இதைச் சொல்லாம உள்ளயே வெச்சிருந்தா நீ மறுபடி குடிப்பே" என்றான் கர்ட்.

"சொன்னா செத்துப்போவேன்."

"குடிக்காம சாவே இல்ல?"

ஆர்லனுக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

நேரில் முடியாததால் கடிதம் எழுதினான். அனுப்பிய பிறகுதான் நகலைக் கர்டிடம் காட்டினான்.

'அன்று ஏரியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன்னைத் தனியாகச் சந்திக்க வேண்டும். ஆர்லன்.'

கர்ட் இரண்டு முறை படித்தான். "இதுல மன்னிப்பு எங்க இருக்கு?"

"நேர்ல கேக்கலாம்னு..."

"ஆளைக் கடத்தி வெச்சிருக்கிறவன் எழுதின மாதிரி இருக்கு."

பதில் வரவில்லை. ரோல்ஃபின் கறுப்பு வண்டி வந்தது. தினமும் காலையும் மாலையும் ஆர்லன் வீட்டு முன்னால் ஊர்ந்து போனது. தெருமுனையில் நின்றது. யாரும் இறங்கவில்லை. ஆர்லன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டான்.

கோபத்தைத் தணிக்கலாம் என்று ஒரு ஹாட்டிஷ் செய்தான். இறைச்சியும் காளானும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்டது. சாவு வீட்டுக்கும் குழந்தை பிறந்த வீட்டுக்கும் இந்த ஊரில் அதுதான் போகும். ரோல்ஃப் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் ஓடினான்.

மறுநாள் பாத்திரம் அவன் வாசலில் இருந்தது. மேலே மூடிய தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

இந்த ஊரில் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஹாட்டிஷை யாரும் அனுப்பியதில்லை.

"ரொம்பக் கோவமா இருக்கான்" என்று கர்டும் ஒத்துக்கொண்டான். "இன்னொண்ணு. நேத்து டீக்கடையில உன்னைப் பத்தி விசாரிச்சானாம்."

"என்னன்னு?"

"உங்கிட்ட துப்பாக்கி இருக்கான்னு."

"அதை எதுக்குக் கேக்குறான்?"

"திருப்பிச் சுடுவியான்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

"அவன் குடிச்சிருப்பான். போதையில பேசியிருப்பான்."

"அதான் இல்ல. விட்டு அஞ்சு மாசமாச்சாம். முன்னன்னா அடிச்சாலும் குறி தப்பும். இப்பத் தப்பாது."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டு வரிசை தள்ளி ரோல்ஃப் இருந்தான். முகம் சிவந்திருந்தது. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அவ்வளவு ஆத்திரத்தை ஒரு மனித முகத்தில் ஆர்லன் பார்த்ததில்லை. பிரார்த்தனை முடிந்ததும் எழுந்து, ரோல்ஃபை நோக்கி இரண்டடி வைத்தான். ரோல்ஃப் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினான்.

கடவுள் வீட்டுக்குள் கை வைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பான். வெளியே காத்திருப்பான். ஆர்லன் ஒரு மணி நேரம் கழிப்பறையில் இருந்தான்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் ஆர்லனின் வண்டி தானாக மதுக்கடை வாசலில் நின்றது. இறங்கினான். கதவுப் பிடியில் கை வைத்தான். உள்ளே அலமாரியில் பாட்டில்கள் வெளிச்சமாக இருந்தன. ஒரு வாய். அப்புறம் ரோல்ஃப் இருக்க மாட்டான், குடில் இருக்காது, பதினொரு மாதமும் இருக்காது.

குளிரில் உறைந்த இரும்புப் பிடியில் கை ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தான். உள்ளங்கையில் கொஞ்சம் தோல் போனது. எதிர்ச்சாரியில் ஹார்டுவேர் கடை. குறுக்கே நடந்தான், நின்றால் திரும்பிவிடுவோம் என்று தெரிந்ததால் நிற்காமல்.

மணி அடிக்கக் கதவு திறந்தது. பின்னறையில் ஏதோ தகரம் சரிந்து விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

கல்லாவில் மார்லிஸ் மட்டும் இருந்தாள். பத்து வருடமாக அவள் கண்ணை ஆர்லன் பார்த்ததில்லை.

"இன்னிக்கு என்ன வேணும் ஆர்லன்? இன்னொரு மூடியா?"

"ரோல்ஃப்..."

"எங்கிட்டயே சொல்லுங்க."

சொன்னான். வார்த்தை திக்கியது, ஆனால் நிற்கவில்லை. போட்டி, போதை, ஸ்டியரிங், ஓடிப்போனது, அப்பாவின் தொப்பி. "அது உங்கப்பா கட்டினது. நான் ஒரு வார்த்தை சொல்லாம ஓடிட்டேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்குறதுக்குக்கூட எனக்குத் தகுதியில்ல. குடிலை மறுபடி கட்டித் தரேன். உங்க வீட்டுக்காரர் என்ன செஞ்சாலும் வாங்கிக்கிறேன். இதுக்குமேல இதைத் தூக்கிக்கிட்டு என்னால நடக்க முடியல."

மார்லிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தாள்.  ஆர்லன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அவள் பின்னறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"ரோல்ஃப்! ஒளிஞ்சுக்கிட்டது போதும், வெளிய வா! எங்கப்பா குடில்ல இவரு வண்டியை விட்டு மோதிட்டு, பக்கத்து சீட்டுல தூங்கிக்கிட்டிருந்த மனுஷனைத் தூக்கி ஸ்டியரிங் முன்னாடி உக்கார வெச்சியே, அவரு உங்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்காரு!"