உடைவதானால் வெள்ளிக்கிழமைக்குள் உடையட்டும்

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் திங்கட்கிழமை காலை, டீ ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்த கடிதம். இங்கே உங்கள் தங்கை நலம். கார் பூரண நலம், இப்போதைக்கு அதுதான் பிரச்சினை. எனக்கு வலது தோள் மட்டும் நலமில்லை. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான், பொறுத்துக்கொள்ளவும். அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் அக்காவின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காக நடந்துகொள்கின்றன என்று நம்புகிறேன்.

நேற்று நீங்கள் போனில் பேசியதற்கு இது பதில். "மாப்ள, சொல்றதைக் கேளுங்க. அந்த மாதிரி வெளிநாட்டு வண்டியெல்லாம் கம்பெனி வாரண்டி இருக்கிற வரைக்கும்தான் வண்டி. முடிஞ்ச மறுநாளே ஒரு பல்பு போச்சுன்னாக்கூட உங்களை உக்கார வச்சிடும். வெள்ளிக்கிழமை முடியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதுக்குள்ள என் சம்பந்திக்குத் தள்ளி விட்டுடலாம். வியாழக்கிழமை காலை ரயில்ல அவரைக் கூட்டிட்டு வர்றேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். போனில் உங்களிடம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன். வண்டியை விற்க மாட்டேன். கூடுதல் வருடங்களுக்கு வாரண்டியை நீட்டித்துத் தருகிறோம் என்று ஷோரூமிலிருந்து போன மாதம்வரை தினம் ஒரு பெண் போன் செய்தாள், அதையும் வாங்க மாட்டேன். உங்கள் சம்பந்தி போன முறை வந்தபோது வண்டிக்குள் இருந்த அத்தனை பொத்தானையும் அமுக்கிவிட்டு ஒன்றைக்கூட அணைக்காமல் இறங்கிப் போனவர். அவர் கையில் ஒரு கால்குலேட்டரைக்கூடக் கொடுக்க மாட்டேன்.

நான் யார் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பூட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் சோதனை அறையில் இருந்தவன். ஒரு பூட்டைப் பத்தாயிரம் தடவை திறந்து, பத்தாயிரம் தடவை பூட்டி, அதற்கப்புறமும் அது வாயைப் பிளக்காவிட்டால்தான் கையெழுத்துப் போடுவேன். பூட்டு உடைவதாக இருந்தால் என் மேஜையில் உடைய வேண்டும், வாங்கினவன் வீட்டு வாசலில் உடையக்கூடாது. அவ்வளவுதான் என் படிப்பு. இந்தக் காரை வாங்கும்போதும் அப்படித்தான் செய்தேன். முழுப் பணத்தையும் கட்டி, பில் போட்டு, வண்டி என் பெயருக்கு மாறிய பிறகும் அதை வீட்டுக்குக் கொண்டுவர மறுத்துவிட்டேன். ஷோரூமின் பின்பக்க முற்றத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு நாற்பது நாள் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தேன். மேனேஜர் கெஞ்சினார். "சார், இது உங்க வண்டி சார். வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தி வச்சுப் பாருங்களேன்." நான் கையெழுத்துப் போடாதவரை அது சரக்கே இல்லை என்று சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டாம் நாள், டிக்கிக்குள் இருந்த ஒரு பிளாஸ்டிக் மூடி மற்ற மூடிகளைவிடக் கொஞ்சம் வெளுத்திருப்பதைக் கண்டுபிடித்தேன். மாற்றிக் கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து மூன்று வருட வாரண்டி, வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஷோரூம் ஷட்டரை இறக்கும்போது முடிகிறது.

வண்டியோடு வந்த புத்தகம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஊரில் வேறு யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள், நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். முதல் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதில் ஷோரூம்காரர்கள் பேனாவால் எதையோ நிரப்பி வைத்திருந்தார்கள். கையால் எழுதியதை நான் நம்புவதில்லை, அச்சடித்ததற்குத்தான் மதிப்பு.

வாங்கும்போது நாற்பது நாள் சோதித்தவன், வாரண்டி முடியும்போதும் நாற்பது நாள் சோதிப்பதுதானே நியாயம். உள்ளே ஏதாவது கோளாறு பதுங்கியிருந்தால் இந்த நாற்பது நாளுக்குள் வெளியே வந்தாக வேண்டும், கம்பெனிக்காரன் தன் செலவில் அதைச் சரிசெய்தாக வேண்டும். அதனால் போன மாதம், சரியாக நாற்பது நாள் மீதி இருந்த காலையில், டிரைவர் பக்கத்துக் கதவில் ஆரம்பித்தேன். வேலையை விட்டு வரும்போது தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த சின்ன மீட்டர் இருக்கிறதே, பொத்தானை அமுக்கினால் ஒரு எண் கூடுமே, அதை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் கதவைத் திறந்து திறந்து சாத்தினேன். ஒரு நாளைக்கு ஆயிரம் என்று கணக்கு. முதல் நாள் மதியமே மாடி வீட்டு வக்கீல் ஜன்னலில் தலையை நீட்டினார். "என்ன சார், கதவு சரியா சாத்தலையா?" "சாத்துதான்னுதான் பாக்கறேன்." "ஒரு தடவை சாத்தினா தெரியாதா?" "பத்தாயிரம் தடவை சாத்தினாத்தான் சார் தெரியும்." நோட்டீஸ் அனுப்புவேன் என்றார். அனுப்பிக்கொள்ளுங்கள் என்றேன். ஐந்தாம் நாள் நோட்டீஸ் வரவில்லை, மாடியிலிருந்து குரல்தான் வந்தது. "சார், நாலாயிரத்து எட்டு. நீங்க ஒண்ணு விட்டுட்டீங்க." மீட்டரைப் பார்த்தேன், நாலாயிரத்து ஏழு. அவர் சொன்னதுதான் சரி. எதிரியாக இருந்தாலும் கவனமான மனிதர் என்று அன்றுமுதல் மரியாதை வந்துவிட்டது.

ஏழாம் நாள், ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில், கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் தோள் விட்டுப்போனது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். ஓய்வுபெற்றுவிட்டேன் என்றேன். "அப்புறம் எப்படி இவ்வளவு தேஞ்சுது?" "கார் கதவு." "இடிச்சுக்கிட்டீங்களா?" "இல்ல, சாத்தினேன்." "ஒரு கதவைச் சாத்தினதுக்கா?" எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்கள் தங்கையைப் பார்த்தார். இவளாவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தால், "எண்ணிக்கை சரிதான் டாக்டர், மாடி வீட்டு வக்கீலும் கூடவே எண்ணினாரு" என்கிறாள்.

தோளுக்குத் தொட்டில் கட்டிவிட்டதால் வண்டி ஓட்டுவது இப்போது உங்கள் தங்கைதான். இந்த மூன்று வருடமாக அவளை நான் ஓட்ட விட்டதில்லை, இரண்டு பேர் கைப்பழக்கம் வண்டியைக் குழப்பும் என்று. லைசென்ஸ் இருபது வருடமாகப் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிறேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

கதவு போனால் போகட்டும் என்று மற்றதையெல்லாம் பிடித்தேன். சீட்டை மோட்டாரில் முன்னும் பின்னும் ஓடவிட்டு அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தேன், அறுநூறு தடவை. எனக்குத் தலை சுற்றியது, மோட்டாருக்குச் சுற்றவில்லை. உங்கள் தங்கை கண்ணாடிமேல் ஹோஸ் பைப்பைப் பிடிக்க, வைப்பரை மூன்று மணி நேரம் ஓட்டினேன். வைப்பர் அசரவில்லை. எதற்கும் பார்க்கட்டும் என்று சர்வீஸ் சென்டருக்கு நாலு முறை போனோம். அங்கே டை கட்டிய ஒருவர் இருக்கிறார், தங்கமான மனிதர். வண்டியை மேலே தூக்கி, கீழே இறக்கி, கம்ப்யூட்டரைச் சொருகி, ஒவ்வொரு முறையும் "எல்லாம் பர்ஃபெக்ட் சார்" என்றார். அதை ஏதோ நல்ல செய்தி மாதிரி சொல்லுவார். முதல் முறை போனபோது உங்கள் தங்கை அவரைத் தனியே கூப்பிட்டு ஏதோ பேசினாள். என்ன என்று கேட்டேன், பாத்ரூம் எங்கே என்று கேட்டேன் என்றாள். பாத்ரூம் எங்கே என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகுமா என்று அப்போது தோன்றியது, விட்டுவிட்டேன்.

இருபத்தேழாம் நாள் எனக்கு விடிந்தது. வண்டி திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். இவளை நிறுத்தச் சொல்லி, மறுபடி ஓட்டச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டேன். டொக். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மத்தியானம்தான் வயிறாரச் சாப்பிட்டேன். மறுநாள் சர்வீஸ் சென்டரில் இவள் ஓட்ட, நான் பக்கத்தில், டைக்காரர் பின் சீட்டில், மெக்கானிக் ஒருவர் டிக்கிக்குள் காதை வைத்துப் படுத்துக்கொள்ள, ரவுண்டானாவைப் பதினோரு தடவை சுற்றினோம். கடைசியில் பின் சீட்டைக் கழற்றி அடியிலிருந்து எடுத்தார்கள். ஒரு பித்தளைப் பூட்டு. எங்கள் தொழிற்சாலைப் பூட்டு. அடியில் என் சோதனை எண்ணே குத்தியிருக்கிறது. டைக்காரர் அதை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "சார், இது எங்க பார்ட் இல்ல." விடுவேனா? "வெளியில இருக்கிற பொருள் தானா உள்ள வந்து உக்காருதுன்னா அது உங்க டிசைன்ல குறை. எழுதுங்க" என்றேன். அவர் உங்கள் தங்கை முகத்தைப் பார்த்தார், பிறகு எழுதினார். அவர் எழுதிக் கொடுத்த காகிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. குறை: பூட்டு. தீர்வு: எடுத்துவிட்டோம். பூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தேன், வெண்ணெய் மாதிரி திறக்கிறது. ஏதோ மெக்கானிக் மறந்து விட்டுப் போனதாகத்தான் இருக்க வேண்டும்.

இன்றோடு முப்பத்தாறு நாள் ஆயிற்று. என்னிடம் உடையாத வண்டி இனி யாரிடமும் உடையாது. வாயால் இப்படிச் சொல்லிவிட்டாலும் வெள்ளிக்கிழமை மாலையை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. பெரிய செலவாக ஒன்று வந்தால் நம்மால் தாங்காது, வண்டி கையை விட்டுப் போய்விடும். உங்கள் தங்கை முப்பது வருடம் என் ஸ்கூட்டரின் பின்னால், மடியில் பையைக் கட்டிக்கொண்டு, மழையில் என் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு வந்தவள். ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஓய்வுபெற்ற பணத்தில் நான் செய்த ஒரே முட்டாள்தனம் இந்த வண்டி என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள், காதுக்கு வந்தது. ஆமாம், முட்டாள்தனம்தான். அவளை மறுபடி ஸ்கூட்டரில் ஏற்ற மாட்டேன். அதனால் வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள். வந்தாலும் சாவி தர மாட்டேன், சாவி எங்கே இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். சம்பந்திக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் நீடூழி வாழ வேண்டும், நான் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்ளும் நாள்வரையாவது.

இப்படிக்கு,
எந்த நிலையிலும் விற்காத,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், உறையை ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். வாரண்டி அவர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து இல்லை, பில் போட்ட நாளிலிருந்து. அவர் படிக்காத அந்த முதல் பக்கத்தில் தேதி இருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்திருந்த நாற்பது நாளும் அதில்தான் கழிந்தது. அவர் கதவை முதல் தடவை சாத்திய அன்று காலையே வாரண்டி முடிந்துபோயிருந்தது. சர்வீஸ் சென்டரில் டை கட்டிய அந்தத் தம்பி முதல் முறையே என்னிடம் சொல்லிவிட்டான். அவர்கிட்ட சொல்லாதீங்க, பாக்கிறதை மட்டும் பாருங்கன்னு நான்தான் கேட்டுக்கொண்டேன். கோளாறு ஒன்றும் கிடைக்காததால் அவர்களும் பணம் ஒன்றும் வாங்கவில்லை. அந்தப் பூட்டை நான்தான் சீட்டுக்கு அடியில் போட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறதே என்று அப்போது இரண்டு நாளாக மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை, வேறு என்ன செய்ய?

முப்பத்தாறு நாளாக வாரண்டியே இல்லாமல், இவர் கையில் மாட்டியும், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை அண்ணா. இனி எனக்குப் பயம் இல்லை. இவர் ஆயுளில் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது என்னை மட்டும்தான். வெள்ளிக்கிழமைவரை இவர் பயப்படட்டும், சனிக்கிழமை காலை வண்டி கிளம்பும்போது அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும், நீங்கள் உளறிவிடாதீர்கள். டிக்கெட்டை ரத்து செய்யாமல் வியாழக்கிழமை சம்பந்தியோடு வாருங்கள். ஸ்டேஷனுக்கு நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வருவேன், சாவி என்னிடம்தான் இருக்கிறது. சம்பந்தி விலை கேட்டால், வண்டி தங்கச்சியோடது, அவ தர மாட்டாள்னு சொல்லிடுங்க. இறங்கும்போது கதவை ஒரே தடவை சாத்தச் சொல்லுங்கள், இரண்டாவது தடவை சாத்தினால் வக்கீல் எண்ண ஆரம்பித்துவிடுவார்.