முன்னணையில் ஒரு குடித்தனம்

மந்தைவெளி,
டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை.

மரியே வாழ்க!

அருமைப் பேத்தி ரெனிட்டாவுக்கு உன் ஆயா ஃப்ளோரன்ஸ் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம். மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கும் நீயும் உன்னோடு இருக்கிற பிள்ளைகளும் அட்டைக்கடி, காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்கும்படி தினமும் உனக்கென்று தனியாக ஒரு செபமாலை சொல்லி வருகிறேன். நான்கு பேர் யார் என்று கேட்பாய். உன் அப்பன் ஃபிரெட்ரிக், உன் அம்மா ஷெரில், நான். நான்காவது ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தக் காட்டில் போனுக்கு சிக்னல் இல்லை, வெள்ளிக்கிழமைதோறும் ஜீப்பில் தபால் வரும் என்று உன் அம்மா சொன்னாள். நல்லதாய்ப் போயிற்று. போனில் என்றால் நீ நடுவில் பேசுவாய். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான், ஆனால் என் கையெழுத்தைப் பார்க்க ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை சிஸ்டர் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்பதை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

முதலில் ஒன்று. இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாயாமே. உன்னை வா என்று கூப்பிட நான் இதை எழுதவில்லை. அந்த எண்ணமே எனக்குக் கிடையாது. சும்மா வீட்டு விஷயம் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அக்டோபரில் நடந்ததை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். எவ்வளவு சுத்தமாக மறந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரிவதற்காக முழுவதையும் எழுதுகிறேன். நீ டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாய் என்று நான் ஊரெல்லாம் சொன்னது பொய்யில்லை. என்ன டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மீன்காரம்மா "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டபோது "இன்னும் முடிக்கல" என்றேன், அதுவும் பொய்யில்லை. அந்த நம்பிக்கையில்தான் எதிர்வீட்டுப் பத்ரிநாராயணன் மாமா தன் முழங்கால் எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு காமாக்ஷி மாமியோடு நம் வீட்டுக்கு வந்தார். நீ ஒரு தடவை பார்த்துவிட்டு, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, "மாமா, நான் சிலந்தி ஆராய்ச்சி பண்றேன்" என்று சொன்னதோடு நிற்காமல் டப்பாவையும் திறந்து காட்ட, உள்ளே இருந்த அந்த முடி முளைத்த மகாராணி எக்ஸ்ரேயின் மேல் ஏறி, மாமாவின் முழங்கால் எலும்பைக் குறுக்கே கடந்து போயிற்று. நான் டைனிங் டேபிள் மேல் ஏறினேன். எழுபத்திரண்டு வயதில் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது, இறக்க மட்டும் இரண்டு பேர் வேண்டியிருந்தது. அங்கே நின்றபடிதான் அந்த வார்த்தை வந்தது: "இந்த வீட்ல ஒண்ணு அந்தப் பூச்சி இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்!" டப்பாவை மூடினாய், பையை எடுத்தாய், போய்விட்டாய். பயத்தில் கத்தினேன் என்று நினைத்துவிடாதே. எனக்குப் பயம் கிடையாது. அருவருப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

இருக்கட்டும். திருவருகைக் காலம் தொடங்கியதும் வழக்கம்போல் ஹாலில் குடில் வைத்தேன். வைக்கோல் கூரை, மலைக்கு சிமெண்டுப் பை, புல்லுக்குப் பதினைந்து தட்டில் முளைவிட்ட கேழ்வரகு. மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, எல்லாச் சுரூபங்களும் இடத்தில். நடுவில் வைக்கோல் போட்ட முன்னணை காலி. இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் வரைக்கும் அது காலியாகத்தான் இருக்க வேண்டும், அன்றைக்குத்தான் பாலன் இயேசுவைப் படுக்க வைக்க வேண்டும். மூன்று வயதில் உன் கையில் கொடுத்துப் படுக்க வைத்தோமே, அன்றிலிருந்து அது உன் வேலை. சொல்ல வந்தது அது இல்லை. இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்து வந்து நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன், பாலன் படுக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, கன்னங்கரேலென்று ஒரு சிலந்தி கால் நீட்டிப் படுத்திருக்கிறது! சூசையப்பர் கோலிலிருந்து மாட்டுக் கொம்பு வரைக்கும் வலை. சூசையப்பர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

உன் அப்பனைக் கூப்பிட்டேன். ஆறடி உயரம், நான் பெற்ற பிள்ளை. குடில் பக்கம் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், "மா, எனக்கு அவசரமா ஆபீஸ்ல மீட்டிங் இருக்கு" என்று சொல்லிச் செருப்பை மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை! அதனால் நம் அபார்ட்மெண்டுக்குப் பூச்சிமருந்து அடிக்க வருகிற பீர் முஹம்மதுவுக்குப் போன் போட்டேன். தோளில் மருந்து டப்பாவோடு ஓட்டமாக வந்து, குடில் முன்னால் குந்தி, செல்போன் வெளிச்சத்தைப் போட்டுத் தேடு தேடு என்று தேடினான்.

"எங்க கீது பாட்டிம்மா? ஓ, இதுவா? யானை பூந்துட்ட மாதிரி போன்ல கத்துனீங்கோ. மிளகு சைஸ்தான் கீது!"

"அப்போ பெருசா இருந்துச்சுப்பா. நீ வர்றன்னு தெரிஞ்சு சுருங்கிடுச்சு. அடி."

"கரப்பான் இன்னா, எறும்பு இன்னா, எது சொன்னாலும் அடிக்கிறேன். இத்த மட்டும் நம்ம கையால அடிக்க மாட்டேன் பாட்டிம்மா. எங்க நபிகள் நாயகம் குகையில ஒளிஞ்சிருந்தப்போ வாசல்ல வலை கட்டி, தேடி வந்தவனுங்களைத் திருப்பி அனுப்புனது இதான். எங்கம்மாக்குத் தெரிஞ்சா எனக்கு சோறு போட மாட்டாங்கோ."

இப்படிச் சொல்லி, வந்ததற்குச் சமையலறையில் கரப்பானுக்கு அடித்துவிட்டுப் போய்விட்டான். சரி, பெண்களுக்குத்தான் தைரியம் என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, காமாக்ஷி மாமியைக் குடில் வரைக்கும் கூட்டி வந்து கையில் துடைப்பத்தைக் கொடுத்தேன். மாமி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "ஐயையோ, நேக்கு அந்தப் பாவம் வேண்டாம் ஃப்ளோரன்ஸ் மாமி! திருவானைக்காவுல ஸ்வாமி மேல சருகு விழப்படாதுன்னு வலை பின்னிண்டிருந்த சிலந்தி, அடுத்த ஜென்மத்துல ராஜாவாப் பொறந்து கோவில் கோவிலாக் கட்டித்து. உங்காத்துக்கு வந்திருக்கறது யாரோ என்னமோ!" யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், முன்னணையில் படுக்க எங்கள் வேதத்தில் ஒருத்தருக்குத்தான் இடம் என்றேன். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். என் வீட்டில், என் குடிலில், அந்த மிளகுக்கு ஆளாளுக்கு சிபாரிசு!

மனிதரை நம்பிப் பயனில்லை என்று வேளாங்கண்ணி தீர்த்தத்தை எடுத்தேன். மாதா உருவத்தில் நீல மூடி போட்ட பாட்டில், உனக்குத் தெரியும். கிட்டே போகாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி, நீளக் கரண்டியால் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, விசுவாசப் பிரமாணம் சொல்லி வலை மேல் தெளித்தேன். பிசாசே ஓடுகிற தண்ணீர், பூச்சி ஓடாதா? ஓடவில்லை. ஐந்து நாளில் நன்றாகக் கொழுத்து, பளபளவென்று ஆகிவிட்டது. என் விசுவாசத்தில்தான் குறையோ என்று நான் கலங்கிப் போயிருக்கும்போது, உன் அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன சீட்டைப் பிய்த்துக்கொண்டு வந்து சிரித்துக்கொண்டே படித்தாள். "காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளிக்கவும். சின்னச் சின்ன ஈக்கள் கொடுக்கவும். தொந்தரவு செய்யாமல் இருக்கவும்." ஈ ஏது என்று பார்த்தால், ஈரக் கேழ்வரகுத் தட்டுகளிலிருந்து பொடி ஈ கூட்டம் கூட்டமாகக் கிளம்பி நேரே வலைக்குப் போகிறது. நீ உன் டப்பாச் சிலந்திகளுக்கு எழுதி வைத்த பத்தியத்தை ஒரு வேளை தவறாமல், அதுவும் மந்திரித்த தண்ணீரில், செய்து வந்தவள் நான். உன் அம்மா சிரித்த சிரிப்பு மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு காவலுக்காகத் தினமும் மத்தியானம் குடில் எதிரில் உட்காருகிறேன். காவலுக்குத்தான். நான் இருபது வருடம் கோவில் பீடத் துணிக்கு லேஸ் பின்னியவள் இல்லையா, அதனால் கண் தானாகப் போகிறது. இவள் வேலையை முதல் நாள் பார்த்துச் சிரித்தேன். கோணல்மாணல், வரிசை கிடையாது, டிசைன் கிடையாது, எங்கள் சிஸ்டராக இருந்தால் மூன்று தடவை பிரிக்கச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ரெனிட்டா, எட்டுக் கால், ஒரு சிக்கல் இல்லை! எனக்கு இரண்டு கையும் ஒரு ஊசியும் வைத்துக்கொண்டே நூல் முடிச்சு விழும். பின்னங்காலால் இழுக்கிறாள், தொட்டுப் பார்க்கிறாள், பிடிக்காவிட்டால் அதைத் தின்றுவிட்டு வேறு போடுகிறாள். நேற்று ஒரு ஈ மாட்டியபோது நான் நாற்காலியின் நுனிக்கு வந்து, "இடது பக்கம்டி, இடது பக்கம்!" என்று கத்திவிட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். செபம் என்றேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், டாக்டர் விஷயம் உட்பட. பொய்யில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், பங்குச் சாமிக்கு மட்டும் அது பொய்யாகத் தெரிந்தது. மூன்று மங்கள வார்த்தை செபமும், அந்த முழங்கால்காரரிடம் நானே போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் பரிகாரம் கொடுத்தார். எழுந்திருக்க வேண்டியதுதானே? எழுந்திருக்கவில்லை. பீர் முஹம்மதுவுக்கு ஒரு சிலந்திக் கதை இருக்கிறது, காமாக்ஷி மாமிக்கு ஒன்று இருக்கிறது, இத்தனை பழைய கோவில் பக்கத்தில் குடியிருந்து நமக்கு மட்டும் இல்லையா என்று வயிறு எரிந்துகொண்டே இருந்தது. "சாமி, நம்ம வேதத்துல சிலந்திக் கதை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். "பாட்டி, பின்னால பதினோரு பேர் நிக்கிறாங்க," என்றார். "இருக்கா, இல்லையா?" என்றேன். "விவிலியத்துல அதோட வலைக்கு அவ்வளவு நல்ல பேர் இல்ல. ஆனா ஜனங்க சொல்ற பழைய கதை ஒண்ணு உண்டு. ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடுறப்போ திருக்குடும்பம் ஒரு குகையில தங்கினாங்களாம், வாசல்ல ஒரு சிலந்தி வலை கட்டிச்சாம். வலை கிழியாம இருக்கு, உள்ள யாரும் போகலன்னு சிப்பாய்ங்க திரும்பிட்டாங்களாம்." எனக்கு வந்த சந்தோஷத்தில் "அப்படிப் போடுங்க சாமி!" என்றேன், பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கிருந்து நேரே எதிர்வீட்டுக்குப் போய், எங்கள் கதையை முதலில் சொல்லிவிட்டு, "மாமா, என் பேத்தி முழங்கால் டாக்டர் இல்ல, சிலந்திக்கு டாக்டர். உலகத்துல எத்தனை சிலந்தி இருக்குன்னு கணக்கெடுக்கிறா. நான்தான் வெக்கப்பட்டு மறைச்சேன்" என்று சொன்னேன். பத்ரிநாராயணன் மாமா, "எக்ஸ்ரே மேல ஓடினபோதே தெரிஞ்சுடுத்து மாமி. அது சரி, கொழந்தை எப்போ வரா? எங்காத்து மாடத்துல ஒண்ணு பச்சையா குதிச்சிண்டிருக்கு, அவள்ட்ட காட்டணும்" என்கிறார். மந்தைவெளியே கெட்டுப்போய்விட்டது.

இப்படியெல்லாம் இருந்தாலும் வீடு வீடாக இருக்க வேண்டும், குடில் குடிலாக இருக்க வேண்டும். அதனால் இன்று காலை துடைப்பத்தை எடுத்து, வலையைச் சுருட்டி, அந்தப் பூச்சியை மொட்டைமாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். முன்னணை சுத்தம். இருபத்துநாலாம் தேதி பாலனை உன் அம்மா படுக்க வைப்பாள். நீ வராததால் ஒன்றும் குறைந்துவிடாது. நான் சொன்ன சொல் சொன்னதுதான். உன் வேலையைப் பார், ஆராய்ச்சியை நன்றாக முடி, காதில் பஞ்சு வைத்துக்கொள், மழையில் நனையாதே.

காவல் தூதர் உன் கூடாரத்து வாசலை விட்டு நகராமல் இருக்கவும், மாதா தன் முக்காட்டால் உன்னை மூடிக் காக்கவும் வேண்டிக்கொண்டு, உன் நெற்றியில் சிலுவை போட்டு முடிக்கும்

உன் ஆயா,
ஃப்ளோரன்ஸ் ஆரோக்கியநாதன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இன்னும் கொஞ்சம். இன்று காலை துடைப்பத்தை எடுத்தது உண்மை. குடில் வரைக்கும் போனதும் உண்மை. அதற்குப் பிறகு எழுதியது பொய், இதற்காக மறுபடியும் நான் வரிசையில் நிற்க வேண்டும். முன்னணைக்குள் காய்ந்த பட்டாணி அளவில் ஒரு பழுப்பு உருண்டையைக் கட்டித் தொங்கவிட்டு, அதைக் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். துடைப்பத்தைப் பார்த்தும் நகரவில்லை. நானும் மூன்று பெற்றவள், அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பாலனை எங்கே படுக்க வைப்பது? உருண்டையை நகர்த்தலாமா, எதனால் நகர்த்துவது, தாய் கோபித்துக்கொள்வாளா, உனக்குத்தான் தெரியும். டேபிள் மேல் நின்று சொன்னதைத் தரையில் நின்று திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பயம்தான், அருவருப்பு இல்லை. இப்போதும் நாற்காலியை ஓர் அடி தள்ளித்தான் போடுகிறேன், ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜ் பக்கத்து அலமாரியில் கீழ்த்தட்டை ஒழித்து வைத்திருக்கிறேன். எத்தனை டப்பா வேண்டுமானாலும் கொண்டு வா, மூடி இறுக்கமாக இருக்கட்டும். இருபத்துநாலாம் தேதி சாயங்காலத்துக்குள் வந்துவிடு கண்ணு.

மணி ஐந்தரை ஆகிவிட்டது. தீர்த்தம் தெளிக்க வேண்டும், அவள் காத்துக்கொண்டிருப்பாள்.