டிக்கெட் இல்லாத தலை

பெரம்பலூரிலும் அரியலூரிலும் யார் தலையில் இருப்பது சொந்தக் கறுப்பு, யார் தலையில் இருப்பது கடையில் வாங்கிய கறுப்பு என்று முழுதாக அறிந்த ஒரே மனிதர் எங்கள் தெரு செக்கிங் சார்தான். இந்த விஷயத்தில் பிரம்மாவுக்கே குழப்பம் வந்தாலும் பெரம்பலூர் பஸ் ஏறித்தான் ஆகவேண்டும். வந்தாலும் சும்மா விடமாட்டார். நாலு தலையையும் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்.

நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அரியலூர் ரோட்டில் ஏதாவது ஒரு புளியமரத்துக்குப் பின்னாலிருந்து திடீரென்று கையைக் காட்டி ஏறுவாராம். டிக்கெட் எடுத்தவனே சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பானாம். வேலைக்குத்தான் ஓய்வு, சந்தேகத்துக்கு இல்லை. கோயிலில் கொடுத்த விபூதியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பூசிக்கொள்ளும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் அரியலூரில் வேலை பார்க்கிறவன். தினமும் பைக். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் வந்தால், ஹெல்மெட்டையும் மீறித் தூசி படிந்து, இளவட்டம்கூட வீடு சேரும்போது கிழவனாகத்தான் இறங்குவான். செக்கிங் சார் தெருமுனையிலேயே மடக்குவார்.

“தம்பி, தலையக் காட்டு.”

“தூசி சார்.”

“புடிபட்டவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான்.”

விரலால் தேய்ப்பார். விரலை வெயிலில் நீட்டிப் பார்ப்பார். “தூசிதான். ஆனா காதோரம் ஒண்ணு இருக்கு பாரு, அது தூசி இல்ல” என்று சொல்லி அனுப்புவார். அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாண வயதில் ஒரே மகள். கயல்விழி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, தங்கமான பெண். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் சார் தலையை வைத்தே கழித்துக் கட்டினார். ஒருவனைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நிறுத்திப் பேசிக்கொண்டே இருந்தார். வியர்வையோடு கறுப்பும் சட்டைக் காலரில் இறங்கிய பிறகுதான் கீழே வரவிட்டார். இன்னொருவனுக்கு நிஜமாகவே கருகருவென்று முடி. “இவ்ளோ கறுப்பு இயற்கையில கெடையாதுப்பா” என்று அவனையும் தள்ளினார். மூன்றாவது ஆளிடம், “சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டியிருக்கேன். மொட்டை போட்டுட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, மொளைக்கிறதப் பாத்துட்டுப் பேசுவோம்” என்றார். அந்த ஆள் பெரம்பலூர்ப் பக்கமே அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் சார் மட்டும் எந்தக் கோயிலிலும் மொட்டை போட்டதில்லை. குடும்பமே வரிசையில் உட்கார்ந்தாலும், “உச்சியில தையல் போட்ட எடம் இருக்கு” என்று நழுவிவிடுவார். ஓய்வு பெற்ற வயதிலும் அவர் தலை காக்காய்க் கறுப்பு. கேட்டால் கறிவேப்பிலை என்பார். நாங்களும் நம்பினோம். செக்கிங்கையே செக் பண்ண எங்களில் யாருக்குத் துணிச்சல் இருந்தது?

அப்புறம் செந்துறையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். கணக்கு வாத்தியார். முப்பதுதான் தாண்டியிருக்கும், அதற்குள் பாதித் தலை இளநரை. ஒரு சொட்டு மை கிடையாது, அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டார். சார் ஆடிப்போய் என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“தம்பி, வெள்ளையா வந்திருக்கான்ப்பா!”

“மறைக்காம வந்திருக்காரே, நல்லதுதானே சார்?”

“அங்கதான் எனக்கு இடிக்குது. இவ்ளோ பெருச மறைக்காதவன், இதவிடப் பெருசா எதையோ மறைக்கிறான்.”

செந்துறைக்கே போய் டீக்கடை டீக்கடையாக விசாரித்தார். மாப்பிள்ளை டீயில் சர்க்கரை கம்மி என்ற ஒரே ஒரு துப்புதான் சிக்கியது. “சுகர் இருக்கும்போல, பாப்பா” என்று மகளிடம் கவலையாகச் சொன்னார்.

“நானே டெஸ்ட் எடுத்துட்டேன்ப்பா. நார்மல்” என்றாள் கயல். “வந்தவங்க எல்லாரும் எதையாச்சும் பூசிக்கிட்டு வந்தாங்க. இவர்தான் அப்படியே வந்தாரு. எனக்கு இவர் போதும்.”

சாரும் தலையாட்டினார். நிச்சயதார்த்தம் நடந்தது.

வினை அங்கேதான் வந்தது. மேடையில் காக்காய்க் கறுப்புத் தலையோடு சார், பக்கத்தில் நரைத்த தலையோடு மாப்பிள்ளை. உடையார்பாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் நேரே மேடையேறி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, “பொண்ணப் பெத்தவருக்கு அலைச்சல் சாஸ்திதான். மொதல்ல சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். கூடமே சிரித்தது. மாப்பிள்ளையும் நல்ல மனுஷன், சிரித்துவிட்டார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. கயலும் சிரிக்கவில்லை.

மறுநாள் செந்துறையிலிருந்து போன் வந்தது. “எம் மவன ஊர் சிரிக்கவா மண்டபத்துல நிறுத்தப்போறேன்? ஒண்ணு தலைக்கு ஏதாச்சும் வழி பண்ணுங்க, இல்லாட்டி இந்தச் சம்பந்தமே வேணாம்” என்றார் சம்பந்தியம்மா. கயல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

டையை எதிர்த்தே வாழ்ந்த மனிதர் டைக் கடை ஏற வேண்டியதாயிற்று. துணைக்கு நானும் போனேன். கலர் அட்டையை, அதாங்க, குட்டிக் குட்டி முடிக்கற்றை ஒட்டியிருக்குமே அதை, கடைக்குள் வைத்துப் பார்க்க மறுத்தார். “டியூப் லைட்டு பொய் சொல்லும்” என்று நடுரோட்டுக்குக் கொண்டுவந்து, கூட வந்திருந்த மாப்பிள்ளையின் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தார்.

“சுத்தக் கறுப்பு வேணாம். மொகம் செத்துப்போவும், தொப்பி வச்ச மாதிரி நிக்கும். இந்த பிரவுன் மாநிறத்துக்கு ஆவாது, வெயில்ல கட்டிப்போட்ட எருமக்கன்னு கணக்கா செம்பட்டையாத் தெரியும். இது என்னா, பீட்ரூட்டா? மருதாணியும் வேணாம், நரையில போட்டா ஆரஞ்சு பூத்துடும். கறுப்புக்கு ஒரு படி கீழ, இது இருக்கே, இதான். அதுவும் காதோரம் லேசா வுட்டு அடிக்கணும், அப்பத்தான் சொந்த முடி மாதிரி இருக்கும்.”

எனக்கு லேசாகப் பொறி தட்டியது. “இவ்ளோ வெவரம் எப்படி சார்?”

“எல்லாம் ஆராய்ச்சி” என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

பெட்டிக்குள் மடித்திருக்கும் துண்டுச்சீட்டை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தது. மாப்பிள்ளைக்குத் தடவி ஊருக்கு அனுப்பிவைத்தார். விடிந்ததும் செந்துறையிலிருந்து போட்டோ வந்தது. மாப்பிள்ளையின் காது உளுந்து வடையாக உப்பியிருந்தது. எந்தக் கலரும் அந்தத் தலைக்கு ஒத்துவராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கயல் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வாசலில் நின்ற சாரின் முகத்தில் அன்றைக்குத்தான் சந்தேகம் இல்லாமல் வெறும் பயத்தைப் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆளைக் காணவில்லை. மத்தியானம் சிறுவாச்சூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பளபளவென்று மொட்டை, மேலே சந்தனம். தெருவே வாயைப் பிளந்தது. உச்சியில் தையலும் இல்லை, ஒரு கீறலும் இல்லை.

“கல்யாணத்த வச்சுக்கிட்டு என்னாங்க இது கூத்து?” என்று அவர் வீட்டம்மா, எங்கள் தெருவுக்கே அக்கா, தலையில் அடித்துக்கொண்டார். சார் துண்டால்கூட மூடவில்லை. தொப்பியும் போடவில்லை. தினமும் வாசலில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முளைத்தது. மொத்தமும் வெள்ளை. மருந்துக்குக்கூட ஒரு கறுப்பு இல்லை.

வேலை முடிந்து வந்தவன் பைக்கை நிறுத்தினேன். “சார், தலையக் காட்டுங்க. தூசியா?”

“நரைதான். தேச்சுப் பாரு” என்று குனிந்து காட்டினார். “எனக்கும் இளநரைதான் தம்பி. உங்க அக்காளப் பொண்ணு பாக்கப் போனப்பவே மை பூசிக்கிட்டுத்தான் போனேன். அந்தப் பயலுக்கு இருக்குற தெகிரியம் எனக்கு இல்ல. இத்தன வருசமா டிக்கெட் இல்லாம வந்தவன்ப்பா நான். எறங்கிட்டேன்.”

உள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தார். “எனக்குக் கல்யாணமான மறுநாளே தெரியும். தலகாணி உறைய யாரு தொவைச்சதுன்னு நெனச்சாரு?”

அந்தத் தலையோடே செந்துறைக்குப் போய் சம்பந்தியம்மா முன்னால் நின்றாராம். “இப்ப நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னா எவனாச்சும் மாத்திக் கேப்பானாம்மா?” சம்பந்தியம்மா அவர் தலையைப் பார்த்தார், மகன் தலையைப் பார்த்தார், அப்புறம் எழுந்து போய்க் காபி கலந்தார்.

கல்யாணத்தன்று உடையார்பாளையத்துப் பெரியவர் மறுபடியும் மேடையேறினார். நான் மேடை ஓரத்துக்கு ஓடினேன். இந்த முறை மாப்பிள்ளையைத் தாண்டிப் போய் சாரின் கையைப் பிடித்தார். “பொண்ணப் பெத்தவரே, சாப்பிட்டீங்களா?”

சார் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஆச்சுங்க” என்று பொய் சொன்னார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கயல் மாலையோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

கூட்டம் குறைந்ததும் என்னை ஓரமாக இழுத்தார்.

“தம்பி, எம் பக்கத்துல நிக்கிறப்ப மாப்பிள்ளைக்கு என்னா வயசு தெரியுது?”

“இருபத்தஞ்சு சார்.”

கண்ணை இடுக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ பொய் சொல்ற.”

கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். ஆனால் அந்த வெள்ளைத் தலையில் அவரே அவ்வளவு அழகாக இருந்தார் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருக்க மாட்டார்.