மாஸ்டரின் உபநிடத வகுப்பு

"மாஸ்டர், உங்க சீடனை நீங்களே வச்சுக்குங்க!"

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பள்ளிக்கூட வாசலில் நின்று கத்தினார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு வந்தவர் முத்துலிங்கம் மாஸ்டர். ஞாயிறுதோறும் கோயிலில் உபநிடத வகுப்பு நடத்தினார். எல்லாரும் மெல்ல நழுவிவிட, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் அழகுமுத்து மட்டும் மிஞ்சினான்.

"காலைப் பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம், பேர் கூப்பிட்டா, 'அது உடம்போட பேருங்க, நான் அதில்ல'ங்கறான். வேலை குடுக்காம அனுப்பிட்டேன்" என்றார் கண்டாக்கு.

மாஸ்டர் அழகுமுத்துவைத் தேடிப் பிடித்தார். "உம்மைத் தனியாப் பிரிச்சு யோசிக்காதையும். எல்லாருக்குள்ளயும் இருக்கிறது ஒண்டுதான். கண்டாக்குக்குள்ளயும் அதுதான்."

"இப்பப் புரியுதுங்க மாஸ்டர்!"

மறுநாள் பெரட்டில் யார் பேரைக் கூப்பிட்டாலும் அழகுமுத்துவே "இருக்கேங்க!" என்றான். கொழுந்து பறிக்கும் காளியாயியின் பேருக்கும் அவன்தான். கண்டாக்கு தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"ஐயோ, உம்மட பேருக்கு மட்டும் பதில் சொல்லுமப்பா!" மாஸ்டர் தலையில் கை வைத்தார். "பேர் உடம்புக்கு. உள்ளுக்கு இருக்கிறதுக்குப் பேருமில்லை, பிறப்புமில்லை."

அழகுமுத்து பக்தியோடு தலையாட்டினான்.

அந்த வாரமே அட்டனில் அவனுக்குக் குடியுரிமை விசாரணை. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் வம்சத்துக்கு, இலங்கையில் பிறந்ததைக் காட்டாவிட்டால் நாடே இல்லை. மாஸ்டரும் துணைக்குப் போனார். அழகுமுத்து பேரைச் சரியாகச் சொன்னான். மாஸ்டருக்கு மூச்சு வந்தது.

"பிறந்தது எங்கே?" என்றார் அதிகாரி.

"நான் பிறக்கவே இல்லைங்க."

அதிகாரி பேனாவை மூடினார். மாஸ்டர் பாய்ந்து போய்க் கெஞ்சிக் கூத்தாடி, அடுத்த மாதத்துக்குத் தவணை வாங்கினார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாஸ்டர் நேரே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு, அழகுமுத்துவின் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி பூரணி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, உம்மட மனுசனை நான் கெடுத்துப் போட்டன். இண்டையோட வகுப்பை நிப்பாட்டுறன்."

பூரணி ஊதுகுழலைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஐயையோ, நிப்பாட்டிறாதீங்க சாமி! அடுத்த விசாரணைக்கு நான் கூடப் போறேன், பொறந்த லயத்த நானே சொல்லிக்கிறேன். தவறணையில குடிச்சிட்டு வந்து, 'நான் யாருன்னு தெரியுமாடி?'ன்னு கத்தி, சட்டி பானையெல்லாம் ஒடச்ச மனுசன் சாமி. இப்பத்தான், 'நான் யாரு பூரணி?'ன்னு தன்மையாக் கேக்குறாரு!"