மீன் தொட்டிக்குக் குழாய் மாட்டினவன்

போன மாசம் வீட்டு மீனுக்கு ஒரு பெரிய தொட்டி பாக்க வேண்டியிருந்துச்சு. வேலை அவ்வளவுதான்.

மீன் பேரு குட்டி. வாங்கும்போது என் சுண்டுவிரல் அளவு இருந்தான். சிவப்பு வாலு, பூனை மாதிரி மீசை. "ரொம்ப வளராது"ன்னு சொல்லித்தான் கடைக்காரர் குடுத்தாரு. இப்போ முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் இருக்கான். தொட்டிக்குள்ள முன்னாடி போவான், அப்புறம் ரிவர்ஸ்ல வருவான். திரும்ப இடமில்ல.

என் பொண்டாட்டி செல்விக்கு அவன்னா உசுரு. வீட்ல எனக்கு ஆறின தோசை, அவனுக்கு உரிச்ச இறால். தங்கச்சி வளைகாப்புக்கு ஏரலுக்குக் கிளம்பும்போது வாசல்ல நின்னு சொன்னா:

"நான் வாரதுக்குள்ள குட்டிக்குப் பெரிய தொட்டியா பாத்து வையுங்க. பிள்ளை திரும்பக்கூட முடியாம கிடக்கான். அவனுக்கு ஒண்ணு ஆச்சு, நான் அங்கனயே இருந்துக்கிடுவேன், ஆமா!"

"ஏளா, என் தொழிலே டேங்க் விக்கிறதுதான். எங்கிட்டயா சொல்லுத?"

இந்த வாய் இருக்கே, இந்த வாய்!

நான் தூத்துக்குடியில பைப்பும் தண்ணி டேங்க்கும் விக்கிற கடை வச்சிருக்கேன். அந்தத் திமிர்லதான் மீன் தொட்டிக் கடைக்குப் போனேன்.

"மீன் எவ்வளவு நீளம் அண்ணாச்சி?"

கையை விரிச்சுக் காட்டினேன்.

"நம்ம ஊர்ல எல்லாரும் மீனுக்குக் கையைத்தான் விரிக்காங்க. நான் பாதியைக் கழிச்சுக்கிடுவேன். அளந்துட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து இஞ்ச் டேப்பைத் தண்ணிக்குள்ள விட்டேன். குட்டி அதோட நுனியை முழுங்கிட்டான்! நான் இழுக்க, அவன் இழுக்க, கடைசில அவனே போனாப் போகுதுன்னு துப்பினான்.

பக்கத்து வீட்டு சூசை அண்ணனைக் கூப்பிட்டேன். துறைமுகத்துல மீன் ஏலம் எடுக்கிறவரு. குனிஞ்சு பாத்தாரு.

"மூணு கிலோ தேறும்."

"கிலோ வேண்டாம்ணே. நீளம் சொல்லுங்க."

"நீளத்த வச்சு என்னல செய்யப் போற? நடுத்தரமா வெட்டினா பன்னெண்டு துண்டு."

குட்டி சட்டுனு தொட்டியோட அந்தப் பக்க மூலைக்குப் போயிட்டான். புரிஞ்சிருக்கும் போல.

எப்படியோ கண்ணாடிக்கு வெளிய வச்சு அளந்து, கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவரு கணக்குப் போட்டாரு: "இப்போ ஒன்றரை அடி. மூணு அடி போகும் அண்ணாச்சி. எட்டடி நீளம், நாலடி அகலம் வேணும். அப்பத்தான் சங்கடமில்லாமத் திரும்புவான்."

"எட்டுக்கு நாலா? எங்க கட்டிலே ஆறேகால் அடிதான்யா!"

"செஞ்சு தர ஒரு வாரம் ஆகும்."

செல்வி அதுக்கு முன்னாடியே வந்துருவா. அப்பத்தான் என் மூளை வேலை செஞ்சுச்சு. கடை நிறைய டேங்க்கை வச்சுக்கிட்டு எதுக்கு முழிக்கணும்? ஆயிரம் லிட்டர் கருப்பு டேங்க் ஒண்ணை லோடு ஆட்டோவுல ஏத்திக் கொண்டுவந்தேன்.

வாசல்ல நுழையல. நிலைக்கதவுல இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. சாய்ச்சுப் பாத்தோம், உருட்டிப் பாத்தோம், சூசை அண்ணன் வயித்தால முட்டிப் பாத்தாரு. ஊஹூம். "முதல்ல வாசல அளந்துட்டு வாங்க"ன்னு கடைக்கு வாரவங்களுக்கெல்லாம் புத்தி சொல்லுறவன் நான்.

சரி, ஒரு வாரம்தானேன்னு வெளிச்சுவரை ஒட்டித் தெருவுலயே கல்லு அடுக்கி வச்சேன். தண்ணி நிரப்பினேன். ஈரப் போர்வையில குட்டியைச் சுத்தி ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினோம். நடுவழியில வாலால என் கன்னத்துல விட்டான் பாருங்க ஒரு அறை! கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல செல்விகூட அப்படி அடிச்சதில்ல.

ஜன்னல் வழியா வயர் இழுத்துக் காத்து மோட்டார் போட்டேன். மூடியை மூடினேன்.

அதோட நிப்பாட்டியிருக்கலாம். ஆனா தொழில் புத்தி விடல. டேங்க்கைப் பாத்தா என் கை தானா குழாய் மாட்டும். அடியில அடைப்பு போட்ட ஓட்டை இருந்துச்சு, அடைப்பைக் கழட்டிப் பித்தளைக் குழாய் ஒண்ணைத் திருகிட்டேன். மீனுக்கு எதுக்குடா குழாய்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். யோசிக்காம கடைக்குப் போயிட்டேன்.

மத்தியானம் சாப்பிட வாரேன், என் வீட்டு முன்னாடி வரிசை நிக்குது! பச்சைக் குடம், மஞ்சக் குடம், ஆரஞ்சுக் குடம். தெருவுல கல்லு மேல கருப்பு டேங்க், அடியில குழாய். நம்ம ஊர்ல அதுக்கு அர்த்தம் ஒண்ணுதான். யாரோ புண்ணியவான் தெருவுக்கு நல்ல தண்ணி வச்சிருக்கான்.

முதல் ஆளா நின்னது முத்துக்கனி அக்கா. அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு விரதத்துல இருக்காங்க. வெங்காயம் வதக்குற வாசம் வந்தாலே தெருவைச் சுத்திப் போற ஆளு.

"அண்ணாச்சி, நல்லாயிருப்பிய! விரத நேரத்துல சுத்தமான தண்ணிக்கு எங்கன போவேன்னு தவிச்சேன். அம்மாளே உங்க ரூபத்துல வந்துட்டா!" சொல்லிட்டு ஒரு செம்பு பிடிச்சு என் கண்ணு முன்னாடியே மடமடன்னு குடிச்சாங்க.

டேங்க்கைத் தட்டிப் பாத்தேன். பாதிக்கு மேல டங்கு டங்குன்னு காலியாக் கேக்குது.

என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. சொல்லாம விட்டா தண்ணி வத்தி குட்டி போயிருவான், செல்வி ஏரல்லயே தங்கிருவா. சொன்னா, குடிச்சவங்க எல்லாம் குடத்தாலயே என்னை அடிப்பாங்க.

ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பை டேங்க்குக்குள்ள விட்டேன். அவங்க பிடிக்கப் பிடிக்க நான் ஊத்துதேன்.

"பாருளா, குறையக் குறைய ஊத்துதாரு! மனுசன்னா இப்படில்லா இருக்கணும்!"

இன்னொருத்தி கேட்டா: "தண்ணியில லேசா ஒரு மணம் வருதே அண்ணாச்சி?"

"புது டேங்க்குமா. அப்படித்தான் இருக்கும்."

சூசை அண்ணன் பைக்ல சாஞ்சுக்கிட்டு, "நீ ஒரு வாய் குடிச்சுப் பாக்கலியால?"ங்காரு. முதல்ல அவரு வாய்க்குப் பூட்டு போட்டிருக்கணும்.

குழாயையே கழட்டிருவோம்னு ஸ்பேனரோட போனேன். "நாங்களே சொல்லணும்னு இருந்தோம். கூட்டம் சாஸ்தி, ரெண்டு குழாயா மாட்டுங்க"ன்னாங்க. ரெண்டு குழாயா மாட்டிட்டு வந்தேன். வெக்கங்கெட்டவன்!

மறுநாள் காலையில கார்ப்பரேசன் சுகாதார ஊழியர் ஒருத்தர் வந்தாரு. கையில பிளீச்சிங் பவுடர் வாளி.

"பொது டேங்க் யாரு வச்சது? பவுடர் போடணும்."

வாளிக்குக் குறுக்க பாய்ஞ்சேன். பவுடர் விழுந்தா குட்டி மேல மிதப்பான்.

"வேண்டாம் சார்! தண்ணி சுத்தமாத்தான் இருக்கு!"

"அப்போ கொசுப்புழு இருக்கான்னாவது பாக்கணும்லா?" ஸ்டூல்ல ஏறி மூடியைத் திறந்து எட்டிப் பாத்தாரு.

மூடி திறந்தா இறால்னு குட்டிக்குக் கணக்கு. மொத்த வாயையும் திறந்துக்கிட்டு மேல வந்தான்.

"முதலை!"

ஸ்டூல் ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம், மனுசன் என் மேல.

"முதலை இல்ல சார், மீனு!" வாய்க்கு வந்ததை அவுத்துவிட்டேன். "கொசுப்புழு திங்க நீங்களே விடுவியள்லா, அந்த மாதிரி மீனு!"

"அது விரல் நீளம்தான இருக்கும்?"

"எங்க தெருவுல கொசு சாஸ்தி சார்."

குடம் எல்லாம் ஒவ்வொண்ணா கீழ இறங்குச்சு. முத்துக்கனி அக்கா மெதுவா முன்னாடி வந்தாங்க.

"எப்பருந்து அண்ணாச்சி உள்ள கிடக்கு?"

"நேத்து காலையில இருந்து."

"அப்போ நான் குடிச்சது?"

கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த அம்மா விரதத்தை நான் கெடுத்துட்டேனேன்னு நிஜமாவே உறுத்துச்சு. சூசை அண்ணன்தான் உள்ள புகுந்தாரு.

"ஏக்கா, ஆத்துத் தண்ணிய நாம குடிக்கல? ஆத்துல என்ன கத்திரிக்காயா நீந்துது?"

அக்கா யோசிச்சாங்க. மாலையைத் தொட்டுக்கிட்டாங்க.

"கொதிச்சாத்தான் கவுச்சி. உசுரோட இருந்தா அது ஜீவன்" அப்படின்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. உடனே, "ஆனா அண்ணாச்சி, நீங்க வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்"னாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அந்த நேரம் பாத்து ஆட்டோ வந்து நிக்குது. செல்வி! ஒருநாள் முன்னாடியே வந்துட்டா. என்னைப் பாக்கல, கூட்டத்தைப் பாக்கல, நேரா ஸ்டூலை நிமித்தி ஏறிட்டா.

"ஏங்க! திரும்புதான் பாருங்க! குட்டி திரும்புதான்!"

எட்டிப் பாத்தேன். நிதானமா, பெரிய மனுசன் மாதிரி, வட்டமா ஒரு சுத்து வந்தான். ரிவர்ஸ் இல்ல! செல்வி கண்ணு கலங்கிருச்சு. எனக்கும்தான், ஓஸ் தண்ணி தெறிச்சதுன்னு சொல்லிச் சமாளிச்சேன். அப்புறம் தெருவே வரிசையில நின்னு மீனைப் பாத்துச்சு. முத்துக்கனி அக்கா மட்டும் ரெண்டு தடவை ஏறினாங்க.

சொன்ன வாரத்துல எட்டுக்கு நாலு கண்ணாடித் தொட்டி வந்துச்சு. இந்தத் தடவை வாசலை அளந்துட்டு, வீட்டுக்குள்ள வச்சே ஒட்டச் சொன்னேன். சோபா மாடிக்குப் போச்சு, குட்டி ஹாலுக்கு வந்தான்.

கருப்பு டேங்க்கைக் கடைக்குத் தூக்கப் போனா தெரு விடல. கழுவி, பவுடர் போட்டு, அவங்களே வச்சுக்கிட்டாங்க. "உபயம்னு பெயின்ட்ல எழுதப் போறோம் அண்ணாச்சி"ன்னாங்க. எனக்கு ஒரே கூச்சம். இருந்தாலும், "இனிஷியலை விட்டுராதிய"ன்னு சொல்லிவிட்டேன்.

காலையில போய்ப் பாத்தேன். கொட்டை எழுத்துல, உபயம்: குட்டி.

அதுக்குக் கீழ பொடி எழுத்துல, தண்ணி வரலன்னா அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டவும்.